"எதுக்காக இந்தக் கம்பெனி?": ஆள் எடுக்கவும் தக்கவைத்துக்கொள்ளவும் நோக்கம் உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்கும் கேரள எல்லைக்கும் நடுவில், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சாலைகளை ஒட்டிய தென்னை நார் மில்களுக்கும் சில சின்னத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் எடுப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, பி.எஃப். கணக்குப் பார்ப்பது என் வேலை. 16 வருஷம் ஆகிறது. முதலாளிகள் நாலு பேர் கூடினால் "ஆள் கிடைக்கலை, கிடைச்சாலும் நிக்கலை" என்ற பேச்சு வந்துவிடும். கொஞ்ச நாளாக அதோடு இன்னொரு சந்தேகமும் சேர்ந்து வருகிறது: கம்பெனிக்கு நல்ல நோக்கம் இருந்தால் ஆள் நிற்பார்கள் என்கிறார்களே, அது நிஜமா?

என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, என் அனுபவத்தில் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். பெரும்பாலும் முதலாளிகள் கேட்டவை. தொழிலாளர்கள் கேட்டதும் உண்டு.

1. "நோக்கம்னா என்னங்க? நாலு காசு சம்பாதிக்கிறதுதானே எல்லாக் கம்பெனிக்கும் நோக்கம்?"

லாபம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் நிற்காது, சம்பளமும் கொடுக்க முடியாது. ஆனால் லாபம் என்பது முதலாளி ஏன் காலையில் எழுந்து மில்லுக்கு வருகிறார் என்பதற்குத்தான் பதில். களத்தில் வெயிலில் நார்த்தூள் கிளறுகிறவருக்கு அது பதில் ஆகாது.

நான் இப்படிக் கேட்கச் சொல்வேன்: நாளைக்கு உங்கள் கம்பெனியை மூடிவிட்டால் யாருக்கு எது இல்லாமல் போகும்? வேலை போகிறவர்களைத் தவிர்த்து யோசியுங்கள். உங்கள் பொருளை வாங்குகிறவர், அதை வைத்து அவர் செய்கிற காரியம், அதனால் பயன் பெறுகிறவர் என்று தேடிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஒரு மனிதர் தெரிவார். அவருக்காகச் செய்வதுதான் நோக்கம்.

2. "எங்ககிட்ட 35 பேர்தான். இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?"

சின்ன இடத்தில்தான் இது சுலபம். 35 பேருக்கும் முதலாளியின் முகம் தெரியும், அவர் சொல்வதும் செய்வதும் ஒன்றா என்று தினமும் பார்க்கிறார்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976ல் மதுரையில் ஆரம்பித்தபோது இருந்தது 11 படுக்கைகள். ஓய்வு பெற்ற பிறகு அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி சொன்னது ஒரே விஷயம்: தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிக்க வேண்டும். இன்றைக்கும் அந்த மருத்துவமனையின் பெரும்பாலான வேலையைத் தாங்குவது கிராமங்களிலிருந்து எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்த பெண்பிள்ளைகள். கட்டணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை நடக்கிறது. காலையில் கண் தெரியாமல் கைப்பிடித்து வந்த பாட்டி, கட்டு அவிழ்த்ததும் பேரனின் முகத்தைப் பார்ப்பதை அந்தப் பெண்கள் நேரில் காண்கிறார்கள். கோவையிலும் அவர்களுக்கு மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

3. "கண் ஆஸ்பத்திரி சரிங்க. நாங்க போடுறது பித் பிளாக், அதான் நார்த்தூள் கட்டி. இதுல என்ன பெரிய நோக்கம் இருக்கு?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளை ரோட்டோரம் மலை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதே தூளைக் கழுவி, காயவைத்து, அழுத்தி ஐந்து கிலோ கட்டியாக்கினால், அது கப்பலேறிப் போய்த் தண்ணீர் பட்டதும் 60 லிட்டருக்கு மேல் உப்பி, மண்ணே இல்லாத பசுமைக்குடிலில் தக்காளிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் வேர் பிடிக்க இடம் கொடுக்கிறது. ஐரோப்பாவில் செடி வளர்க்கச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்த பீட் என்ற மண்ணைத்தான் அதிகம் பயன்படுத்தி வந்தார்கள். அந்த மண் ஒரு வருஷத்தில் சேர்வது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். நம் ஊர்க் குப்பை, அந்த நிலத்தை வெட்டாமல் காப்பாற்றுகிறது.

ஒரு மில்லில் பத்து வருஷமாகத் தூள் கழுவிய அக்கா ஒருவர், "இது எதுக்குப் போகுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றார். அடுப்பெரிக்க வாங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். வாங்குகிற கம்பெனி அனுப்பிய வீடியோவை மதிய சாப்பாட்டு நேரத்தில் போனில் காட்டினோம். கட்டியில் நட்ட செடி காய்த்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அப்ப உப்பு நிக்காம கழுவணும், இல்லாட்டி செடி பொசுங்கிடும்ல" என்று அவரே சொன்னார். இ.சி. அளவு, அதாவது தூளில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் அளவு, குறைவாக இருக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் பல வருஷம் கத்தியது இதற்குத்தான். ஏன் என்று சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

4. "நோக்கம் நல்லா இருந்தா, சம்பளம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் நிப்பாங்களா?"

மாட்டார்கள். நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. தேதி தவறாத சம்பளம், பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டுவது, சுத்தமான கழிப்பறை, மரியாதையான பேச்சு எல்லாம் இருந்த பிறகுதான் நோக்கத்துக்கு அர்த்தம். ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959லேயே இதைச் சொல்லிவிட்டார்: சம்பளமும் வேலைச் சூழலும் சரியில்லாவிட்டால் ஆள் வெறுத்துப் போவார்கள், அவை சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் பிடிப்பு வந்துவிடாது, அந்தப் பிடிப்புக்கு வேலையே அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் மிச்சம் பிடித்து இன்னொன்றை நிரப்ப முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. மூணாறில் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள் 2005ல் ஊழியர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனியின் கைக்கு வந்தன. தொழிலாளியே முதலாளி என்பதைவிடப் பெரிய நோக்கம் என்ன வேண்டும்? ஆனாலும் 2015 செப்டம்பரில் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது, 232 ரூபாய் நாள்கூலிக்குக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் விடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம், போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று ஆன பிறகுதான் முடிந்தது. பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தாலும் வயிற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

5. "எல்லை தாண்டினா 800 ரூபா தர்றான். நான் எப்படிப் போட்டி போடுறது?"

உண்மைதான். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கில் 2022-23ல் கிராமத்துக் கட்டட வேலைக்குக் கேரளத்தில் சராசரி நாள்கூலி 850 ரூபாயைத் தாண்டியது; தமிழ்நாட்டில் ஏறக்குறைய 500. இந்த வித்தியாசத்தைப் பேச்சால் மறைக்க முடியாது.

ஆனால் தொழிலாளி நாள்கூலியை மட்டும் பார்ப்பதில்லை. மாதத்தில் எத்தனை நாள் வேலை, மழைக்காலத்தில் என்ன ஆகும், பஸ்ஸுக்கு எவ்வளவு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்க முடியுமா என்று எல்லாம் சேர்த்துத்தான் கூட்டிக் கழிக்கிறார். வருஷம் முழுக்க வேலை, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, ஐந்து வருஷம் முடிந்தால் பணிக்கொடை என்று உங்கள் பக்கம் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அதையும் கூட்டிப் பார்த்து உங்கள் சம்பளம் தோற்றால், முதலில் சம்பளத்தை ஏற்றுங்கள். அப்புறம் நோக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

6. "அந்தப் பக்கத்து ஆளுங்க ஓணத்துக்கு போனஸ் கேக்கிறாங்க, நம்மாளுங்க தீபாவளிக்கு. இதுக்கும் நோக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து தினமும் வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் ஏராளம். அவர்கள் வீட்டில் ஓணமும் உண்டு, தீபாவளியும் உண்டு. சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20. எப்போது வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டு ஜூலையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு ஒன்றுதான், கொடுக்கும் தேதிதான் இரண்டு. "உன் வீட்டுப் பண்டிகை எனக்குத் தெரியும்" என்று காட்டாத கம்பெனி, உலகத்துக்கு நல்லது செய்கிறோம் என்று சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

7. "ஆள் எடுக்கும்போது இதை எப்படிச் சொல்றது? நோட்டீஸ்ல எழுதினா படிப்பாங்களா?"

இப்போது எல்லாருடைய நோட்டீஸும் ஒரே மாதிரி: "ஆட்கள் தேவை. நல்ல சம்பளம். உணவு, தங்குமிடம் இலவசம்." பெயரை மறைத்துவிட்டால் எந்த மில் என்று தெரியாது. போன வருஷம் ஒரு மில்லுக்கு நான் வாட்ஸ்அப்பில் போட எழுதிக் கொடுத்தது இது:

"தேங்காய் மட்டைத் தூளில் வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கட்டி தயாரிக்கிறோம். நீங்கள் கழுவும் தூளில்தான் அங்கே செடி முளைக்கிறது. வெயில் வேலை, தூசி இருக்கும், முகக்கவசம் தருகிறோம். மாதம் 5ஆம் தேதி சம்பளம். வேலையில் சேரும் முன் அரை நாள் வந்து பாருங்கள், அந்த அரை நாளுக்கும் கூலி உண்டு."

வெயில், தூசி என்று எழுதியதை முதலாளி அடிக்கச் சொன்னார். நான் விடவில்லை. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு வந்தவர்கள். முதல் வாரத்திலேயே ஓடிப்போகிறவர்கள் குறைந்தார்கள்.

8. "எனக்குச் சம்பளம்தான் முக்கியம்னு நேரா சொல்றவனை எடுக்கலாமா?"

தாராளமாக எடுக்கலாம். கடன் இருக்கிறவர், வீட்டில் நோயாளி இருக்கிறவர் வேறு எதைச் சொல்வார்? நோக்கத்தின் மேல் பிடிப்பு வேலைக்கு வந்த பிறகு வரும், பலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். நுழைவாசலில் அதைப் பரீட்சை வைத்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்தான் உள்ளே வருவார்கள்.

9. "பீகார், ஒடிசா பசங்கதான் பாதிப்பேர். அவங்களுக்கு இதெல்லாம் எப்படிப் புரிய வைக்கிறது?"

மொழி தடையாகத் தெரிகிறது, ஆனால் 3வது கேள்வியில் சொன்ன வீடியோவுக்கு மொழியே தேவைப்படவில்லை. வார்த்தையைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் மனதில் தைக்கிறது. ஆடம் கிராண்ட் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களிடம் ஒரு சோதனை செய்து 2007ல் வெளியிட்டார். அந்த நன்கொடையால் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிஷம் நேரில் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்து முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் போனில் பேசினார்கள், வசூலும் கூடியது. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

அதனால் வாங்குகிறவர் மில்லைப் பார்க்க வரும்போது அவரை ஏசி அறையில் உட்கார வைத்து அனுப்பிவிடாதீர்கள். களத்துக்குக் கூட்டிப் போய், கட்டி போடுகிறவர்களிடம் இரண்டு நிமிஷம் பேசச் சொல்லுங்கள். இன்னொன்று, அந்தப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "டேய் இந்திக்காரா" என்று கூப்பிடுகிற இடத்தில் எந்த நோக்கமும் எடுபடாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

10. "வாசகம் எழுதி வாசல்ல மாட்டியாச்சு. ஒண்ணும் மாறலியே?"

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் "தரமே எங்கள் உயிர்" என்று பெரிய போர்டு. ஒரு மழைநாள், சரியாகக் காயாத சரக்கு. கண்டெய்னர் வந்து நிற்கிறது. "ஏத்து, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று உத்தரவு. ஏற்றினோம். ஏற்றிய அத்தனை பேரும் அந்த போர்டுக்குக் கீழே நின்றுதான் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் நல்ல கைகள் நான்கு பேர் போய்விட்டார்கள். காரணம் கேட்டபோது யாரும் அந்த நாளைச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

நஷ்டம் வரும் என்று தெரிந்தும் முதலாளி எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைத்தான் தொழிலாளி கவனிக்கிறார். போர்டை இன்னும் மாட்டாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை ஈரச் சரக்கு வந்தால் கண்டெய்னரைக் காத்திருக்க வைத்து, ஏன் காத்திருக்க வைத்தீர்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கதையைத் தொழிலாளர்களே வெளியே போய்ச் சொல்வார்கள்.

11. "வருஷா வருஷம் மரம் நடுறோம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் குடுக்கிறோம். அது போதாதா?"

நல்ல காரியம், விடாமல் செய்யுங்கள். ஆனால் அது தர்மம். 1வது கேள்வியில் சொன்ன நோக்கம் அன்றாட வேலைக்குள்ளேயே இருப்பது. கம்பெனிகள் சட்டம் 2013, நிகர லாபம் 5 கோடியையோ விற்றுமுதல் 1000 கோடியையோ நிகர மதிப்பு 500 கோடியையோ தொட்ட கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்த அளவு இல்லாமலே நீங்கள் கொடுப்பது பெருமைதான். அதைச் சொல்லி ஆள் நிற்பார்கள் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

12. "படிச்ச பிள்ளைங்க எல்லாம் கோயமுத்தூரு, பெங்களூருன்னு போகுது. நம்ம ஊர்ல யார் இருப்பா?"

ஊரிலேயே இருக்க ஆசைப்படும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஸோஹோ நிறுவனம் 2011ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் திறந்தது; அதுவும் கேரள எல்லை ஓரம்தான். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் பள்ளியும் அவர்களுக்கு உண்டு. உலகத் தரத்து வேலையை ஊரை விட்டுப் போகாமல் செய்யலாம் என்பதே அங்கே நோக்கமாகிவிட்டது.

நம் மில்களுக்கும் இ.சி. சோதனைக்கூடம், ஏற்றுமதி ஆவணம், இயந்திரப் பராமரிப்பு என்று படித்த வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியூர் ஆளைத் தேடும் முன்னால், உங்கள் களத்தில் வேலை செய்கிறவரின் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

13. "நோக்கம், கீக்கம்னு பேசினா எதிர்த்துக் கேள்வி கேக்க ஆரம்பிச்சிடுவாங்களே?"

கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். "இயற்கைக்கு உகந்த பொருள்" என்று சொல்கிற மில், தூள் கழுவிய தண்ணீரைச் சும்மா வெளியே விட்டால் பக்கத்துக் கிணறு நிறம் மாறும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பது உங்கள் தொழிலாளியின் குடும்பம். நார்த்தூள் ஆலைகளைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் மாசு அநேகமாக இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவிலிருந்து, ஓரளவு மாசு உள்ள தொழில்களுக்கான ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியபோது நம் பக்கம் எதிர்ப்பு பலமாக இருந்தது. செலவு கூடும் என்ற கவலை எனக்கும் புரிந்தது. ஆனால் அந்த வாரத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வேறு: "நம்ம ஊர் போர்த் தண்ணிக்கு இனிமேலாவது ஒரு வழி பொறக்குமா?"

கழிவுத் தண்ணீரை இன்னும் முழுசாகச் சரிசெய்ய முடியவில்லை என்றால், எவ்வளவு ஆயிற்று, எவ்வளவு பாக்கி, எப்போது முடியும் என்று அவர்களிடமே சொல்லிவிடுங்கள். குறையோடு இருக்கும் உண்மையை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

14. "அவசர ஆர்டர். நம்ம நோக்கத்துக்காக ரெண்டு மணி நேரம் சும்மா செஞ்சு குடுங்கன்னு கேக்கலாமா?"

கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். நோக்கத்தைச் சொல்லி ஒருமுறை இலவசமாக வேலை வாங்கிவிட்டால், அடுத்த முறை அந்த வார்த்தையை எடுத்ததுமே எல்லாரும் கதவைப் பார்ப்பார்கள்.

15. "எங்களுக்குச் சொந்தமில்லாத கம்பெனிக்கு நாங்க எதுக்குங்க உருகணும்?"

கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு தொழிலாளி எழுந்து கேட்டது. முதலாளி முகம் சுருங்கியது. என்னைப் பொறுத்தவரை அன்றைக்குக் கேட்டதிலேயே நேர்மையான கேள்வி அதுதான்.

பாலக்காட்டில் இந்தியன் காபி ஹவுஸில் சாப்பிட்டிருப்பீர்கள். 1950களில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூட ஆரம்பித்தபோது, வேலை இழந்தவர்கள் ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தினார்கள். கேரளத்தில் முதல் கடை 1958ல் திருச்சூரில் வந்தது. அங்கே தலைப்பாகையோடு தோசை கொண்டுவந்து வைப்பவர் கடையில் பங்குள்ளவர். எல்லா மில்லும் அப்படி மாறாது, மாறச் சொல்லவும் இல்லை. ஆனால் முதலாளி எதையும் பகிராமல் "இது நம்ம கம்பெனி" என்று சொன்னால் அந்த "நம்ம" பொய்யாகிவிடும். லாபம் வந்த வருஷம் சட்டத்துக்கு மேல் கொஞ்சம் போனஸ், நஷ்டம் வந்தால் கணக்கைத் திறந்து காட்டுவது, இயந்திரம் வாங்கும் முன் ஓட்டப்போகிறவரைக் கேட்பது, இதிலெல்லாம் ஒன்றிலிருந்தாவது தொடங்கலாம். அந்தத் தொழிலாளிக்கு நான் சொன்ன பதில்: உருக வேண்டாம், உங்கள் வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

16. "இதெல்லாம் பண்ணினா பலன் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: "யார் சொல்லி வந்தார்?" உங்கள் ஆட்களே தம்பியை, நாத்தனாரை, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். எப்போதும் புரோக்கர் பெயரே வந்தால் இன்னும் ஏதோ சரியில்லை. ஒரு மில்லில் நல்ல வேலைக்காரப் பெண் ஒருவர் கூடுதல் சம்பளத்துக்காகப் பாலக்காடு பக்கம் தொழிற்சாலைகள் இருக்கும் கஞ்சிக்கோடு போனார். போன மூன்றாம் மாதம் தன் அண்ணியை அந்தப் பழைய மில்லுக்கே அனுப்பி வைத்தார். அவர் போனதை நான் தோல்வியாக எழுதவில்லை.

போகிறவர்களிடம் ஏன் போகிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் கணக்கை முழுசாக முடித்து, பாக்கிப் பணத்தைக் கையில் கொடுத்து, பி.எஃப். மாற்றுவதற்கு வேண்டியதையும் செய்து கொடுத்த பிறகு கேளுங்கள். அதற்கு முன்னால் கேட்டால் "வீட்ல கொஞ்சம் சிரமம்" என்றுதான் சொல்வார்கள்.